வயல் நடுவில் நிறம் மாறும் அம்பு

எங்கள் ஊருக்கு வடக்கே ஓக் மரக்காட்டைத் தாண்டினால் ஒரு பாதை வயல்வெளிக்குள் இறங்கும். தொடக்கத்தில் ஒரு மரக் கம்பம், அதில் நீல அம்பு. நீலம் என்றால் பிரைடில்வே: நடக்கலாம், குதிரையில் போகலாம், சைக்கிளும் ஓட்டலாம். நானூறு மீட்டர் போனால் ஒரு சிற்றோடை, அதன்மேல் பலகைப் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கம்பம். அதில் இருப்பது மஞ்சள் அம்பு. மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். பாதை அதே பாதை, அகலமும் அதேதான், சேறும் அதே சேறுதான். அந்த ஓடைதான் இரண்டு ஊர்களுக்கு எல்லை. அதனால் அம்பின் நிறம் மாறிவிட்டது.

அங்கே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாமா என்று கேட்டால், சட்டம் படித்தவர்களே இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். தள்ளிக்கொண்டே அறுநூறு மீட்டர் போனால் அடுத்த பிரைடில்வே கிடைத்துவிடும். சுற்றிப் போவதென்றால் மூன்று கிலோமீட்டர். அதுவும் கார்கள் மணிக்கு 60 மைல் வேகம் வரை போகலாம் என்று விட்டிருக்கிற, ஓரம் என்று ஒன்றே இல்லாத சாலை.

நான் இருப்பது தென் இங்கிலாந்தில், சசெக்ஸ் பக்கம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மலைச் சைக்கிளோ கிராவல் சைக்கிளோ எடுத்துக்கொண்டு கிளம்புகிற பதினோரு பேர் சேர்ந்த ஒரு சின்னக் கூட்டம் எங்களுடையது. கவுண்டி கவுன்சில் (நம்மூர் மாவட்ட ஊராட்சி மாதிரி) தன் பாதை மேம்பாட்டுத் திட்டத்தைப் புதுப்பிக்கப் போகிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படி ஒரு திட்டம் இருந்தாக வேண்டும், பத்தாண்டுக்குள் ஒரு முறை அதைத் திரும்பப் பார்க்கவும் வேண்டும். மக்களிடம் கருத்து கேட்பார்கள். சரி, நாம் என்ன கேட்பது என்று உட்கார்ந்தால் ஆளுக்கொரு பேச்சு. ஒருவர் ஸ்காட்லாந்து என்கிறார், ஒருவர் ஆவணக் காப்பகம் என்கிறார், ஒருவர் பேசாமல் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வேல்ஸுக்குப் போய்விடலாம் என்கிறார். மூன்று மாலைகள் பேசினோம். அதில் எது எங்கே போய் நின்றது, ஏன் நின்றது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். பிரைடில் என்றால் கடிவாளம். குதிரைக்காரர்களின் பாதை என்பதால் அந்தப் பெயர். அதில் சைக்கிளுக்கு இடம் கிடைத்தது 1968-இல், கிராமப்புறச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு வழியாக. கிடைத்தது ஒண்டுக்குடித்தனம்தான். நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் நாம் வழிவிட வேண்டும். சைக்கிளுக்கு வசதி செய்துதரும் கடமை எதுவும் கவுன்சிலுக்குக் கிடையாது என்றும் அதே பிரிவு சொல்லிவைத்திருக்கிறது.

இங்கிலாந்தில் பொதுமக்களுக்குப் பாத்தியப்பட்ட பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 1,90,000 கிலோமீட்டர். அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் நடைபாதை. (நம்மூரில் நடைபாதை என்றால் சாலையோரப் பிளாட்பாரம்; இங்கே அது வயலுக்கும் காட்டுக்கும் நடுவே போகிற ஒற்றையடிப் பாதை.) சைக்கிளுக்குச் சட்டப்படி திறந்திருப்பது சுமார் 22 சதவீதம். வேல்ஸில் 21.

எது நடைபாதை, எது பிரைடில்வே என்று முடிவு செய்தது யார் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். 1949-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பாதைகளையும் அதிகாரப்பூர்வ வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. கிட்டத்தட்ட நம்மூர்ப் புலப்படம் மாதிரி, ஏறிவிட்டால் ஏறியதுதான். 1950-களில் ஊர்க் கவுன்சில்களிடம் படிவத்தைக் கொடுத்து உங்கள் ஊர்ப் பாதைகளைக் குறித்துத் தாருங்கள் என்றார்கள். ஓர் ஊர்க்காரர் பிரைடில்வே என்று குறித்தார், பக்கத்து ஊர்க்காரர் அதே பாதையை நடைபாதை என்று குறித்தார். கவுன்சிலில் பெரிய நிலக்காரர்களே உட்கார்ந்திருந்த ஊர்களும் உண்டு, அங்கே பேனா கொஞ்சம் சிக்கனமாக ஓடியிருக்கும். எங்கள் ஓடைப் பாலத்தில் அம்பு நிறம் மாறுவதற்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

ஸ்காட்லாந்து வழி

முதல் யோசனை பெரிய யோசனை: ஒவ்வொரு பாதையாகக் கெஞ்சிக்கொண்டிருக்காமல் சட்டத்தையே மாற்றச் சொல்வது. ஸ்காட்லாந்தில் 2003-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது, 2005 பிப்ரவரி 9 முதல் பாதை உரிமை நடைமுறைக்கு வந்தது. அங்கே கேள்வியே வேறு. இந்தப் பாதையில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று யாரும் கேட்பதில்லை. பொறுப்போடு நடந்துகொண்டால் நடந்தோ, குதிரையிலோ, சைக்கிளிலோ பெரும்பாலான நிலத்தில் போகலாம். வீட்டை ஒட்டிய தோட்டம், விதைத்த வயல், விளையாட்டுத் திடல் போன்றவை விலக்கு. மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு ஒரு நடத்தைக் கையேடு இருக்கிறது. அதில் நிலக்காரருக்கும் கடமை உண்டு: காரணமில்லாமல் வழி மறிக்கக் கூடாது.

எடின்பரோவை ஒட்டிய பென்ட்லண்ட் குன்றுகளில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வரைபடத்தில் பச்சைக் கோட்டுத் துண்டுகள் நீளமா (பிரைடில்வே) குட்டையா (நடைபாதை) என்று உற்றுப் பார்க்கும் பழக்கம் இரண்டாவது நாளே போய்விட்டது. சேறு அதிகமா, ஆடு ஈனும் காலமா, முன்னால் யாராவது நடக்கிறார்களா என்பதை மட்டும் பார்த்தால் போதும். உண்மையில் பார்க்க வேண்டியதும் அதுதானே.

இதற்கு இங்கே வழக்கமாக வரும் பதில்: ஸ்காட்லாந்தில் ஆள் குறைவு, அதனால் முடிகிறது. சதுர கிலோமீட்டருக்கு அங்கே 70 பேர், இங்கிலாந்தில் 430-க்கு மேல். பதிலில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பென்ட்லண்ட் குன்றுகளில் ஞாயிற்றுக்கிழமை நடமாட்டம் எங்கள் வயல்வெளியைவிடக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அங்கேயும் தகராறு உண்டு. ட்வீட் பள்ளத்தாக்குக் காடுகளில் இளைஞர்கள் கேட்காமல் கொள்ளாமல் செங்குத்தான தடங்களை வெட்டிவிட்டார்கள். பிறகு அவற்றைப் பராமரிக்க உள்ளூரில் சங்கம் அமைத்து வனத்துறையோடு பேச வேண்டியிருந்தது.

என் சந்தேகம் வேறு இடத்தில். வேல்ஸ் அரசு 2017-இல் இந்தத் திசையில் மக்கள் கருத்து கேட்டது. நடைபாதைகளில் சைக்கிளையும் குதிரையையும் விடலாமா என்பது அதில் ஒரு கேள்வி. சைக்கிள் சங்கங்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதவைத்தன. 2019-இல் சீர்திருத்தத்தை முன்னெடுப்போம் என்று அறிவிப்பும் வந்தது. ஆண்டுகள் ஓடின, மஞ்சள் அம்புகள் மஞ்சளாகவே இருக்கின்றன. நல்ல சட்டம் வேண்டும் என்று கையெழுத்துப் போடுவேன், நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதமும் எழுதுவேன். ஆனால் பதினோரு பேரின் மாலைப் பொழுதுகளை அதில் கொண்டுபோய்ப் போட முடியாது. கவுண்டி கவுன்சில் கையில் இல்லாத ஒன்றை அதனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

பழைய காகிதம்

இரண்டாவது யோசனையை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்தார், கையோடு ஒரு பெரிய வரைபடத்தின் நகலும். "ஒரு முறை பொதுவழி ஆனது என்றைக்கும் பொதுவழி" என்பது இங்கிலாந்துச் சட்டத்தில் பழைய கோட்பாடு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் அந்த வயல் பாதையில் குதிரை போனது, வண்டி போனது என்று காட்டிவிட்டால் அந்த உரிமை இன்றும் செத்துப்போகவில்லை. நடுவில் யாரோ நடைபாதை என்று குறித்தது பிழை, திருத்து என்று 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனுப் போடலாம். மனுவுக்குக் கட்டணம் இல்லை.

ஆதாரம் தேடுவது அலாதியான வேலை. தேவாலயத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வரி கட்டிய காலத்து வரைபடம், பொதுநிலத்தை வேலிபோட்டுப் பிரித்த தீர்ப்பேடு, ரயில் பாதை போடத் தாக்கல் செய்த திட்டங்கள், 1910-ஆம் ஆண்டு நிலமதிப்பு வரிக்காகத் தயாரித்த வரைபடம். கடைசியாகச் சொன்னதில் ஒரு நுணுக்கம்: பாதையை எந்த நிலத்தோடும் சேர்க்காமல் வெள்ளையாக விட்டிருந்தால் அது பொதுச் சாலையாக இருந்திருக்கலாம் என்பதற்கு நல்ல அறிகுறி. ஆசிரியர் கொண்டுவந்த நகலில் எங்கள் அறுநூறு மீட்டரில் முதல் இருநூறு மீட்டர் வெள்ளை. அதன் பிறகு பக்கத்து வயலின் நிறம் அதன்மேல் ஏறிவிடுகிறது. அவர் முகத்தில் மகிழ்ச்சியும் ஏமாற்றமும் ஒன்றாகத் தெரிந்தன.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வரைபடத்தில் ஏறாமல் விட்டுப்போன பாதைகள் 49,000 மைல் இருக்கலாம் என்று நடைப்பயணிகள் சங்கமான ராம்ப்ளர்ஸ் மதிப்பிட்டது. 2026 ஜனவரி 1-க்குள் மனுப் போடாவிட்டால் பழைய பாதைகளின் உரிமை போய்விடும் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்திருந்தது. 2022-இல் கெடுவை நீக்குவோம் என்றார்கள். 2023-இல் இல்லை, கெடு உண்டு, 2031 வரை என்றார்கள். 2024 டிசம்பரில் புதிய அரசு மறுபடியும் நீக்குவோம் என்றது. இந்த ஊஞ்சலாட்டத்துக்கு நடுவில் ஆளுக்கு ஆள் மனுக்களை அள்ளிக்கொண்டுபோய்க் கொடுக்க, கவுன்சில் அலுவலகங்களில் கட்டுக்கட்டாகச் சேர்ந்துகிடக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் மேலே முறையிடலாம் என்பது விதி. முறையிட்டாலும் வரிசை வரிசைதான். யாராவது ஆட்சேபித்தால் விசாரணை, ஆய்வாளர், சாட்சி.

காகிதம் வலுவாக இருந்தால் இதைவிட உறுதியான வழி இல்லை. நிலக்காரரின் விருப்பு வெறுப்பு, பாதை வசதியா இல்லையா, எதையும் அதில் பார்க்க மாட்டார்கள். உரிமை இருந்ததா என்பது மட்டும்தான் கேள்வி. எங்கள் காகிதமோ அரைகுறை. ஆசிரியர் விடுவதாக இல்லை, தனியாகத் தேடிக்கொண்டிருக்கிறார். தேடட்டும்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. ஒரு பாதையில் இருபது ஆண்டுகள் பொதுமக்கள் தடையில்லாமல் சைக்கிள் ஓட்டியிருந்தால், அது சைக்கிளுக்கும் உரிய பொதுவழியாகிவிடலாம். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தெளிவாக்கியது. நிபந்தனை மூன்று: பலாத்காரம் கூடாது, ஒளிவு மறைவு கூடாது, அனுமதி பெற்றிருக்கவும் கூடாது. மூன்றாவதைக் கவனியுங்கள். நல்ல பிள்ளையாகக் கேட்டு அனுமதி வாங்கி இருபது ஆண்டு ஓட்டினால் உங்களுக்கு ஒன்றும் சேராது. கேட்காமல் ஓட்டினவனுக்குத்தான் சேரும்! நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது பொதுவாகக் குற்றமும் இல்லை, நிலக்காரருக்கும் ஓட்டுபவருக்கும் இடையிலான சிவில் அத்துமீறல்தான். ஆனால் நிலக்காரர் ஒரு பலகை வைத்தாலோ, கவுன்சிலில் ஓர் அறிவிப்பு தாக்கல் செய்தாலோ அந்தக் கணக்கு அன்றோடு நின்றுவிடும். எங்கள் நிலக்காரர் இரண்டையும் எப்போதோ செய்துவிட்டார்.

"போய்க்கோங்க" என்கிற அனுமதி

மூன்றாவது வழி எல்லாருக்கும் முதலில் தோன்றுகிற வழி. நிலக்காரரிடம் போய்க் கேட்பது. அவர் சரி என்றால் பலகை மாட்டி ஓட்டலாம். அலுவலகம் வேண்டாம், விசாரணை வேண்டாம். காட்டுத் தடங்கள் பல இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. பக்கத்துக் கவுண்டியான சர்ரேயில் ஹர்ட்வுட் என்ற காட்டை அதன் உரிமையாளர் ரெஜினால்ட் பிரே 1926-லேயே பொதுமக்கள் காற்று வாங்கவும் உடற்பயிற்சி செய்யவும் என்று எழுதிக்கொடுத்தார். ஹோம்பரி குன்றும் பிட்ச் குன்றும் இன்று மலைச் சைக்கிள்காரர்களுக்குத் திருத்தலம்போல இருப்பதற்கு அந்தத் தாராளம்தான் வேர்.

எல்லா நிலக்காரரும் பிரே ஆகிவிட மாட்டார்கள். வாய்மொழி அனுமதி எப்போது வேண்டுமானாலும் போகும். எனக்கே அந்த அனுபவம் உண்டு. இன்னோர் ஊரில் குடியிருந்தபோது பண்ணைக்காரர் ஒருவர் அனுமதித்த காட்டோரப் பாதையில் மூன்று ஆண்டு ஓட்டினோம், இரண்டு சனிக்கிழமை மண்வெட்டியோடு போய் வாய்க்கால்கூட வெட்டிக்கொடுத்தோம். பண்ணை கைமாறியது. அடுத்த வாரமே கேட்டில் சங்கிலி. அதைக் குறை சொல்லவும் முடியாது, நிலம் அவர்களுடையது. வெட்டின வாய்க்கால் மட்டும் மனசை உறுத்தியது.

நிலக்காரர் பக்கமிருந்து பார்த்தாலும் இது அவ்வளவு சுகமான ஏற்பாடு இல்லை. அனுமதி பெற்று வருகிறவர் சட்டத்தின் பார்வையில் அவருடைய விருந்தாளி மாதிரி. பாதுகாப்புக்கு அவர் பொறுப்பு. பாதையைச் சீராக வைப்பதும் அவர் செலவு. இதைப் பலர் யோசிப்பதில்லை. யோசித்த ஒரே ஆள் எங்கள் கூட்டத்தில் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். அவர் சொன்ன பிறகுதான் நான்காவது வழி எங்கள் கண்ணில் பட்டது.

எழுதிக் கொடுப்பது, எழுதி வாங்குவது

நெடுஞ்சாலைச் சட்டம், 1980. அதன் 25-ஆவது பிரிவின்படி கவுன்சிலும் நிலக்காரரும் ஒப்பந்தம் போட்டு ஒரு பிரைடில்வேயை உருவாக்கலாம். கவுன்சில் பணம் கொடுக்கலாம், நிலக்காரர் இலவசமாகவும் கொடுக்கலாம். இந்தந்த இடத்தில் கேட் இருக்கும் என்பது போன்ற நிபந்தனைகளையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். இருதரப்பும் சம்மதித்துவிட்டால் வெளியார் ஆட்சேபம், பொது விசாரணை என்கிற கட்டமே இதில் இல்லை. அப்படி உருவான பாதையின் தரையைப் பராமரிப்பது கவுன்சில் செலவு. அதில் போகிறவர் நிலக்காரரின் விருந்தாளி இல்லை, பொதுவழியில் போகிறவர். அதனால் நிலக்காரரின் பொறுப்பும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

ஒன்றுதான் உறுத்தல்: கொடுத்தால் கொடுத்ததுதான், பேரன் காலத்திலும் திரும்ப வாங்க முடியாது. நிலக்காரர் தயங்குவது இதற்காகத்தான், அதில் தப்பும் இல்லை. வரப்பு ஓரடி நகர்ந்ததற்குத் தலைமுறைக்கும் பேசாமல் இருக்கிற குடும்பங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புரியாதா என்ன.

26-ஆவது பிரிவு கொஞ்சம் கடுமையானது. நிலக்காரர் சம்மதிக்காவிட்டாலும் தேவை இருக்கிறது என்று கவுன்சில் நினைத்தால் ஆணை போட்டு உருவாக்கலாம். நிலத்தின் மதிப்பு குறைந்தால் நஷ்ட ஈடு தர வேண்டும். எதிர்ப்பு வந்தால் விவகாரம் அமைச்சர் தரப்புக்குப் போகும். கையில் காசில்லாத கவுன்சில் அறுநூறு மீட்டருக்காக இதில் இறங்காது. இருந்தாலும் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்பது பேச்சுவார்த்தையில் உதவும். வாயால் சொல்லக்கூடத் தேவையில்லை.

இதற்குப் பக்கத்தில் 1984-ஆம் ஆண்டு சைக்கிள் தடச் சட்டம் என்று ஒன்று உண்டு. நடைபாதையைச் சைக்கிள் தடமாக மாற்றலாம். பெயரைப் பார்த்ததும் எங்களில் நாலு பேர் குதித்தார்கள். விவசாய நிலம் என்றால் அதில் பாத்தியதை உள்ள அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும், குத்தகைக்காரர் உட்பட. அதைவிடப் பெரிய குறை, சைக்கிள் தடம் ஆகிவிட்டால் குதிரைக்கு அதில் இடமில்லை. அந்த 60 மைல் சாலையில் எங்களைவிட அதிகம் பயப்படுகிறவர்கள் குதிரைக்காரர்கள். அவர்களை வெளியே தள்ளிவிட்டு நாங்கள் மட்டும் உள்ளே போனால் ஊரில் முகம் கொடுத்துப் பேச முடியாது. பிரைடில்வே என்று கேட்டால் அவர்களும் எங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவார்கள். பதினோரு பேர் நாற்பது பேர் ஆகிவிடுவோம்.

இப்படிச் சேர்ந்து கேட்டு வந்ததுதான் வட இங்கிலாந்தின் பென்னைன் மலைகளை ஒட்டிப் போகிற பென்னைன் பிரைடில்வே. மேரி டவுன்லி என்ற குதிரைக்காரப் பெண்மணி 1986-இல் நார்தம்பர்லண்டிலிருந்து டார்பிஷைர் வரை குதிரையிலேயே போய், வடக்கே பிரைடில்வேக்கள் எப்படித் துண்டுதுண்டாகக் கிடக்கின்றன என்று காட்டினார். முதல் வளையம் 76 கிலோமீட்டர், அவர் பெயரிலேயே 2002-இல் திறந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. இன்று அந்த வளையத்தில் மலைச் சைக்கிள்காரர்கள் பெருங்கூட்டமாக ஓட்டுகிறார்கள்.

சைக்கிளுக்கென்றே அமைத்த செயற்கைத் தடங்கள் பற்றி இரண்டே வரி. வேல்ஸில் கோய்ட் இ பிரெனின், தென் ஸ்காட்லாந்தில் செவன்ஸ்டேன்ஸ், மெர்தர் டிட்ஃபிலில் 2013-இல் திறந்த பைக் பார்க் வேல்ஸ் எல்லாம் அருமையான இடங்கள். வருஷத்துக்கு ஒரு முறை போவேன். ஆனால் மூன்று மணி நேரம் கார் ஓட்டிப்போய்ச் சைக்கிள் ஓட்டுவது வேறு கதை, வீட்டு வாசலிலிருந்து பக்கத்து ஊருக்கு வயல் வழியே போவது வேறு கதை.

இருப்பதைச் சரிசெய்வது

இந்த யோசனையில் கவர்ச்சி இல்லை, அதனால் பேச்சில் கடைசியாக வந்தது. உண்மையில் அதிகம் பேசியிருக்க வேண்டியது இதைத்தான். கையில் இருக்கிற 22 சதவீதத்தில் எவ்வளவு தூரத்தை நிஜமாக ஓட்ட முடிகிறது?

எங்கள் பகுதி வீல்ட் என்கிற களிமண் பூமி. சசெக்ஸ் வட்டார வழக்கில் சேற்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு என்பார்கள். சேறு, சகதி, தொளி, உளை என்று நம்மிடமும் இருக்கிறது. ஜனவரியில் அந்த ஓடைக்கரைக்குப் போனால் நாலும் வரிசையாகக் கிடைக்கும். குதிரைக் குளம்பு பதிந்த குழிகளில் தண்ணீர் நின்று, அது இரவில் உறைந்து, காலையில் சக்கரம் ஏறினால் கண்ணாடிபோல உடைந்து உள்ளே வாங்கிவிடும். பிறகு களி டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டி நோண்டி எடுக்க வேண்டும். தெற்கே சவுத் டவுன்ஸ் மலைமுகடு சுண்ணாம்புக் கல், தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் சவுத் டவுன்ஸ் வேயை முழுக்கச் சைக்கிளில் ஓட்டலாம். ஈரத்தில் அந்தச் சுண்ணாம்பு சோப்பு மாதிரி வழுக்கும், அது தனி விஷயம்.

அப்புறம் கேட். பிரைடில்வே கேட்டின் குறைந்தபட்ச அகலம் 1.525 மீட்டர், அதாவது ஐந்தடி. குதிரையிலிருந்து இறங்காமலே திறக்க வசதியாக நீண்ட கைப்பிடி வைத்திருப்பார்கள், சைக்கிள்காரருக்கும் அது சௌகரியம். ஆனால் கீல் தொய்ந்து கேட் மண்ணில் இழுபட்டால் தூக்கித்தான் திறக்க வேண்டும். சிலவற்றில் ஸ்பிரிங் இவ்வளவு முறுக்கு: முன்சக்கரம் தாண்டினதும் கதவு வந்து பின்சக்கரத்தில் அறையும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் 18 கேட்டுகளை ஒரு மாதம் அலைந்து பார்த்தோம். ஏழு ஒழுங்காக இல்லை. உழுத வயலில் பாதையைத் திரும்பக் காட்ட வேண்டும் என்பதற்கும் விதி உண்டு: வயல் நடுவே போகிற பிரைடில்வே என்றால் குறைந்தது இரண்டு மீட்டர் அகலம், விதைப்புக்காக முதலில் உழுதால் 14 நாளுக்குள். புகார் கொடுத்தால் நடக்கிறது. கொடுக்கத்தான் ஆள் இல்லை.

சரிசெய்வதிலும் ஒரு ஆபத்து. 2014-இல் நடு இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் ரஷப் எட்ஜ் என்ற மலைப்பாதையைக் கல் கொட்டி மட்டமாக்கத் தொடங்கியபோது சைக்கிள்காரர்களும் நடைக்காரர்களும் ஒன்றாக எதிர்த்தார்கள். பாறைப்படியும் மேடுபள்ளமும்தான் அந்தப் பாதையின் ருசி. அதே பீக் டிஸ்ட்ரிக்டில் கட் கேட் என்ற பிரைடில்வேயின் உளைப்பகுதியைச் சீராக்கச் சைக்கிள்காரர்களும் குதிரைக்காரர்களும் சேர்ந்து பணம் திரட்டினார்கள். அங்கே கேட்டது தண்ணீர் வடிய வழியும் கால் புதையாத தரையும் மட்டும். பாதையைத் தார்ச்சாலையாக்கச் சொன்னால் எங்களை நாங்களே விரட்டிக்கொள்வதாகத்தான் ஆகும்.

எங்கள் முடிவு

கூட்டிக் கழித்துப் பார்த்ததில் கவுண்டிக்கு எழுதப்போவது ஒரே ஒரு பெரிய கோரிக்கை: புதிதாக நூறு கிலோமீட்டர் கேட்கவில்லை, அறுந்த இடங்களைக் கோத்துக் கொடுங்கள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அப்படி அறுந்த இடம் ஐந்து, எல்லாம் சேர்த்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. அவை சேர்ந்தால் 40 கிலோமீட்டர் பிரைடில்வே ஒரே வலையாகிவிடும். 2020-இல் சைக்கிளிங் யூகே அமைப்பு அறிவித்த கிங் ஆல்ஃபிரட்ஸ் வே இதற்கு நல்ல முன்மாதிரி. 350 கிலோமீட்டர் வட்டம், பெரும்பாலும் இருந்த பாதைகளையே கோத்தது. வழி 25-ஆவது பிரிவு ஒப்பந்தம். உடனே எழுதிக்கொடுக்கத் தயங்குகிற நிலக்காரரிடம் இரண்டு ஆண்டுக்கு எழுத்தில் அனுமதி கேட்போம், வெள்ளோட்டம் மாதிரி. அது அவருக்கு எதிரான ஆதாரமாகாது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுவோம். கேட் ரிப்பேர் செலவில் ஒரு பங்கை நாங்களே திரட்டுவோம்.

நடப்பவர்களின் எதிர்ப்பு வரும், அது நியாயமும்கூட. பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து சட்டென்று உரசிப்போகிறவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். பின்னாலிருந்து வரும் சைக்கிள் குதிரைக்கு வேட்டை மிருகம் மாதிரி. அதன் காது பின்னால் மடங்குவதைப் பார்த்தால் நின்றுவிட வேண்டும். மணியடிப்பதைவிட "குட் மார்னிங்" என்று உரக்கப் பேசுவது நல்லது, மனிதக் குரலைக் கேட்டால் குதிரை சமாதானமாகும். சைக்கிளிங் யூகேயும் குதிரைக்காரர்கள் சங்கமும் சேர்ந்து இதையே ஓர் இயக்கமாக நடத்தியிருக்கின்றன.

வேல்ஸின் யர் விட்வா, அதாவது ஸ்னோடன் மலையில் உச்சிக்குப் போகிற பிரைடில்வேக்களில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை காலை 10 முதல் மாலை 5 வரை சைக்கிள்காரர்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அது ஓர் உடன்பாடு. அதைப் பார்த்து நாங்களும் எங்கள் கடிதத்தில் ஒன்று சேர்த்திருக்கிறோம்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தக் களிமண் துண்டில் இறங்க மாட்டோம். எங்களில் இரண்டு பேருக்கு இது பிடிக்கவில்லை. உரிமை வருமுன்பே விட்டுக்கொடுப்பதா என்று கேட்டார்கள். ஜனவரியில் அங்கே ஓட்டிப் பார்த்தவர் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

போன வாரம் அந்த அறுநூறு மீட்டருக்குச் சொந்தக்காரரைப் போய்ப் பார்த்தோம். மாட்டுக் கொட்டகை வாசலில் நின்றபடியே பேச்சு. ஒப்பந்தம், பொறுப்பு, பராமரிப்பு என்று தயாரித்துக்கொண்டுபோனதையெல்லாம் பாதிவரை கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டார்: கேட்டை யார் மூடுவது? கன்றுகள் ஒரு முறை சாலைக்குப் போயிருக்கின்றன. தானாக மூடிக்கொள்ளும் கேட் போட்டால் பார்க்கலாம் என்றார், ஆனால் ஆடு ஈனும் காலம் முடிகிறவரை யாரும் வரக் கூடாது. இப்போது கேட்டுக்கு மூன்று இடத்தில் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.